பெரியவரும் வாலுவும் தபால்காரர் கோழிகளும்

செத்த கோழியைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு பக்கத்து வீட்டுத் தபால்காரர் வந்து நின்றபோது, வேன்காரம்மா வேனுக்குள் குனிந்து கடைசி சீட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். எல்.கே.ஜி. பிள்ளை ஒன்று காலையில் குடித்த பாலை அப்படியே அங்கே கக்கி வைத்திருந்தது. பினாயில் வாசனையில் அவளுக்கே குமட்டியது.

"அம்மா, கொஞ்சம் இறங்கி வாங்க."

அவள் துடைப்பத்தோடு இறங்கி வந்தாள். தபால்காரர் ரிடையர் ஆகி நாளாகிவிட்டது, ஆனாலும் எதைக் கொடுத்தாலும் இரண்டு கையாலும் நீட்டும் பழக்கம் போகவில்லை. அன்றைக்கும் அப்படித்தான் நீட்டினார். வாங்கிப் பிரித்தால் உள்ளே வெள்ளைக் கோழி. கழுத்து தொங்கிப் போயிருந்தது.

"டீச்சர்" என்றார் தபால்காரர்.

அவருடைய கோழிகளுக்கெல்லாம் அவர் தபால் கொடுத்த தெருக்களில் இருந்த ஆட்களின் பட்டம்தான் பெயர். ஓயாமல் கத்துவது டீச்சர். யாரையும் பக்கத்தில் சேர்க்காமல் மிடுக்காக நடப்பது மேனேஜர். மற்றதுகளின் இறகைக் கோதிவிட்டுக்கொண்டே இருப்பது நர்ஸ். அவர் மனைவி பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள மகன் வீட்டுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டாள். அதன்பிறகு அவர் வாய்விட்டுப் பேசியதெல்லாம் அந்தக் கோழிகளிடம்தான். கோழிகளைக் கூண்டில் அடைப்பது அவருக்குப் பிடிக்காது. "நானே நாள் பூரா ஊர் சுத்துனவன். இதுங்கள எப்படிம்மா அடைச்சு வைக்கிறது?" என்பார். அதனால் அவை இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த கம்பிவலையின் அடியில் புகுந்து, வேன்காரம்மா வீட்டுக் குழாயடிக்கு வந்து, ஈர மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கும்.

குழாயடியில் இரண்டு நாய்கள் கிடக்கும்.

மூத்தது பெரியவர். பெயருக்கேற்ற நிதானம். வேன்காரம்மாவின் கணவன் சரக்கு லாரி ஓட்டிய காலத்தில், கிளீனர் உட்கார வேண்டிய சீட்டில் அதுதான் உட்கார்ந்து போகும். செக்போஸ்ட் போலீஸ்காரர்களுக்கு டிரைவர் முகத்தைவிட நாயின் முகம்தான் பழக்கம். ஒருநாள் சரக்கின் மேல் ஏறித் தார்ப்பாய் இழுத்துக் கட்டும்போது அவன் கால் வழுக்கிக் கீழே விழுந்தான். முதுகு போயிற்று. லாரியும் போயிற்று. கல்யாணமான புதிதில் விளையாட்டாக அவன் அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்திருந்தான். அந்த விளையாட்டு இப்போது சோறு போட்டது. பள்ளிக்கூட வேன் அவள் கைக்கு வந்தது. அவன் கட்டிலுக்குப் போனான். முதலில் நலம் விசாரிக்க வந்தவர்கள் மெல்ல மெல்ல நின்றுவிட்டார்கள். பெரியவர் மட்டும், குழாயடிக்குப் போய்ப் படுக்கும் நேரம் தவிர, கட்டிலை விட்டு நகரவில்லை.

இளையது வாலு. மழைக்காலத்தில் ஒருநாள் காலை வேனைக் கிளப்பப் போகும்போது டயருக்குப் பின்னால் முனகிக்கொண்டிருந்த பழுப்பு நிறக் குட்டி. வால் எங்கேயோ பாதியில் அறுபட்டிருந்தது. ஆனால் அது செய்த சேட்டையைப் பார்த்து வேன் பிள்ளைகள் வைத்த பெயர் வாலு. அரைவால் நாய்க்கு வாலு என்று பெயர் வைத்ததை நினைத்து வேன்காரம்மா ஸ்டியரிங்கில் தலை வைத்துச் சிரித்திருக்கிறாள். அது அவளுடைய நாய். வேன் சத்தம் தெருமுனையில் கேட்கும்போதே கேட்டுக்கு வந்து குதிக்கும்.

கோழியைக் கண்டால் வாலுவுக்குக் கால் நிற்காது. துரத்தும். கோழிகள் இறக்கையை அடித்துக்கொண்டு கத்திக் கூப்பாடு போடும், அது தலைகால் புரியாமல் சுற்றிச் சுற்றி ஓடும். பெரியவரோ வால்மேல் கோழி ஏறி நடந்தாலும் தலையைத் தூக்காது. ஆகவே டீச்சர் செத்தபோது யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

"மன்னிச்சுக்குங்கண்ணா. கட்டிப் போடறேன்" என்றாள் அவள்.

கட்டித்தான் போட்டாள். நாள் முழுக்க அது ஊளையிட்டது. அவள் சாயந்திரம் வந்து அவிழ்த்துவிட்டால் அவள் காலடியிலேயே சுருண்டு படுத்துக்கொள்ளும். ஒருநாள் அவள் வந்தபோது கயிறு கடித்து அறுக்கப்பட்டிருந்தது. வாலு வாசலில் அவளைப் பார்த்துக் குதித்தது. அதன் மூக்கில் ஒரு பழுப்பு இறகு ஒட்டியிருந்தது. கம்பிவலை ஓரத்தில் நர்ஸ் கிடந்தது.

தபால்காரர் இந்த முறை கேட்டுக்கு வெளியே நின்றே பேசினார். "வேலையில இருந்த வரைக்கும் நாய்க்குப் பயந்து ஓடினேன். இந்தக் கெண்டைக்கால்ல பாருங்க, எத்தனை தழும்புன்னு. ரிடையர் ஆகியும் வீட்டு வாசல் வரைக்கும் வருதே! இத அனுப்பிடுங்கம்மா. இல்லன்னா நான் நகராட்சிக்கு எழுதிப் போட்டுடுவேன். எழுதிப் போட எனக்குச் சொல்லித் தரணுமா?"

அவள் உள்ளே வந்து கணவனின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். பெரியவர் கட்டிலுக்கு அடியில் படுத்திருந்தது.

"என்னங்க பண்றது?"

"அனுப்பிடு" என்றான் அவன். "ரத்த ருசி பாத்துடுச்சு. இனி நிக்காது."

"நீங்க கண்ணால பாத்தீங்களா? வாலுதான் கடிச்சுதா?"

அவன் சுவரைப் பார்த்தான். "பாத்தேன்."

அதற்குமேல் கேட்க அவளுக்கு ஒன்றுமில்லை.

வேன் போகும் வழியில், ஊருக்கு வெளியே ஒரு மரவாடி இருந்தது. அதன் மேனேஜர் பிள்ளை அவள் வேனில்தான் வருகிறது. காவலுக்கு நாய் வேண்டும் என்று அவர் எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை வேன் கதவைத் திறந்தாள். வாலு ஒரே தாவில் ஏறி, பிள்ளைகள் சண்டை போட்டுப் பிடிக்கும் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்துகொண்டது. வழியெல்லாம் தலையை வெளியே நீட்டி, காதுகள் காற்றில் பறக்க, தெருவில் போகிறவர்களையெல்லாம் ஊர்வலத்தில் போகும் மந்திரி மாதிரி பார்த்துக்கொண்டு வந்தது. மரவாடியில் அறுத்த மரத்தின் வாசனை. மேனேஜர் சங்கிலியோடு காத்திருந்தார். வேன்காரம்மா கீழே இறங்கி பிஸ்கட் பாக்கெட்டை முழுதாகப் பிரித்துப் போட்டாள். அது தின்றுகொண்டிருக்கும்போதே வண்டியைக் கிளப்பினாள். வண்டி ஓட்டத் தொடங்கிய நாளிலிருந்து பின்கண்ணாடி பார்க்காமல் அவள் வண்டி எடுத்ததில்லை. அன்றைக்கு எடுத்தாள்.

மறுநாள் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள்.

"அக்கா, வாலு எங்கக்கா?"

"சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிருக்கான்."

"நாய்க்குச் சொந்தக்காரங்க யாருக்கா?"

அவள் ஹாரனை அழுத்தினாள். எதிரே வண்டி ஒன்றும் வரவில்லை.

வீடு அமைதியாகிவிட்டது. துரத்த ஆளில்லாததால் கோழிகள் நிம்மதியாகக் குழாயடிக்கு வந்துபோயின. தபால்காரருக்கு மனசு கேட்கவில்லை போல. ஒரு கிண்ணத்தில் முட்டை கொண்டுவந்து கொடுத்தார். "கோபத்துல ஏதேதோ பேசிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க" என்றார். அடுத்த வாரம் மேனேஜர் கோழியைக் காணோம் என்று கேட்டுக்கொண்டு வந்தார். அவளும் டார்ச் எடுத்து வேனுக்கு அடியிலெல்லாம் பார்த்தாள். "பருந்து தூக்கிட்டுப் போயிருக்கும். அதுங்கமேல யாருகிட்டப் புகார் சொல்றது" என்று தபால்காரரே சமாதானம் சொல்லிக்கொண்டு போனார்.

கணவன் சரியாகச் சாப்பிடாமல் இருந்தான். தட்டில் பாதி மிஞ்சும். வாலு போன கவலை இவருக்கும் இருக்கிறது போல, வெளியே காட்டிக்கொள்ளத் தெரியவில்லை என்று அவள் நினைத்தாள். அப்படி நினைத்தபோது அவன்மேல் அவளுக்குப் பாசம்கூட வந்தது.

ஒருநாள் பள்ளிக்கூடத்தில் தண்ணீர் மோட்டார் பழுதாகி, மத்தியானமே பிள்ளைகளை அனுப்பிவிட்டார்கள். எல்லோரையும் இறக்கிவிட்டு அவள் வீட்டுக்கு வந்தாள். தெருமுனையில் யாரோ மண் கொட்டி வைத்திருந்ததால் வேனை அங்கேயே நிறுத்திவிட்டு நடந்தாள். அதனால் வண்டிச் சத்தம் வீட்டுக்குக் கேட்கவில்லை.

குழாயடியில் அவள் கணவன் குந்தி உட்கார்ந்திருந்தான். குனிய முடியாது, நிமிர முடியாது, ஒரு சொம்புத் தண்ணீர்கூட எடுக்க முடியாது என்று அவள் கையை எதிர்பார்த்துக் கிடக்கும் மனுஷன், முகம் வலியில் கோணிப்போக, பல்லைக் கடித்துக்கொண்டு குந்தியிருந்தான். ஒரு கையால் பெரியவரின் தாடையைத் திறந்து பிடித்திருந்தான். இன்னொரு கையால் அதன் பல்லில் சிக்கிய இறகுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தான். பக்கத்தில் சாக்கின்மேல் தபால்காரரின் கறுப்புக் கோழி ஒன்று செத்துக் கிடந்தது. அதற்குப் பக்கத்தில் மண்வெட்டி.

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். கையிலிருந்த சாவிக்கொத்து குலுங்கியது. அவன் திரும்பிப் பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"மேனேஜரைக் கடிச்சதும் இதுதானா?" என்றாள்.

அவன் இன்னும் ஓர் இறகை எடுத்துத் தண்ணீரில் விட்டான்.

"ஏங்க, உங்களத்தான் கேக்கறேன். நர்ஸ்? டீச்சர்?"

"எல்லாமே இதுதான்."

குழாய் திறந்தபடியே ஓடிக்கொண்டிருந்தது. பெரியவர் அவள் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி மோப்பம் பிடித்தது. அதன் கண்ணில் பால் படர்ந்த மாதிரி வெண்மை ஏறியிருந்ததை அப்போதுதான் அவள் பார்த்தாள். தினமும் சோறு வைக்கிற நாய். அதன் கண்ணை அவள் எத்தனை நாளாகப் பார்க்கவில்லையோ!

"அதுக்குக் கண்ணு தெரியலம்மா" என்றான் அவன். "வாலு சும்மா வெளையாட்டுக்குத் துரத்தும். கோழி பயந்து ஓடி வந்து இதுமேல விழும். மூஞ்சிகிட்ட என்னவோ படபடன்னு அடிச்சதும் இது பயந்து ஒரே கவ்வு. இப்ப துரத்த ஆளில்ல, கோழிங்களுக்குப் பயம் விட்டுப்போச்சு. இதோட தட்டுலயே வந்து சோறு கொத்துதுங்க. வேணும்னு பண்ணலை. எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சும் வாலுதான்னு சொன்னீங்க."

"ஆமா."

"ஒரு வாயில்லாத ஜீவன்மேல பழி போட்டு, என் கையாலயே கொண்டுபோய் விட வச்சீங்க."

அவன் குழாயை மூடினான். எழ முயன்று முடியாமல் தொட்டியைப் பிடித்துக்கொண்டான். எப்போதும் ஓடிப்போய்த் தாங்கும் அவள், அன்று போகவில்லை.

"நீ காலையில போனா சாயந்திரம்தான் வர்ற" என்றான் அவன். தலையைத் தூக்கவில்லை. "அதுவரைக்கும் எனக்கு யாரு இருக்கா சொல்லு? சுவரும் இதுவும்தான். இதத்தான் அனுப்பணும்னு வந்திருந்தா..."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா நீ என்ன பண்ணியிருப்ப?"

கிழடு, கண் தெரியாதது, எப்படியும் கொஞ்ச நாள்தான், இதையே அனுப்பிவிடலாம் என்று தன் வாயே சொல்லியிருக்குமோ என்று அவளுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதும் அவன்மேல் இன்னும் ஆத்திரம் வந்தது. சாக்கோடு கோழியை வாரி எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு நடந்தாள்.

தபால்காரர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். புருஷன் பொய் சொன்னதையும் மறைக்கவில்லை. அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப அந்தச் சின்னது?"

"அது ஒண்ணுமே பண்ணலண்ணா."

"நான்தான்மா அனுப்பச் சொன்னேன்." கொஞ்ச நேரம் கறுப்புக் கோழியின் இறகைத் தடவிக்கொண்டிருந்தார். "என் கோழிங்க உங்க வீட்டுக்கு வந்துச்சு. உங்க நாய் என் வீட்டுக்கு வரலை. அத நான் யோசிக்கவே இல்ல பாருங்க. போங்கம்மா. மொதல்ல போய்க் கூட்டிட்டு வாங்க."

மரவாடியில் சங்கிலி மட்டும் ஆணியில் தொங்கியது.

"அது வந்த வாரமே கழுத்துப்பட்டையிலருந்து தலைய உருவிக்கிட்டு ஓடிப்போச்சே!" என்றார் மேனேஜர்.

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா சார்? தினமும் உங்க வீட்டு வாசலுக்கு வந்து பிள்ளைய ஏத்தறேனே."

"வேணாம்னுதானேம்மா விட்டுட்டுப் போனீங்க" என்றார் அவர். குத்திக்காட்டச் சொன்னதாகத் தெரியவில்லை. அதனால்தான் அது அப்படிக் குத்தியது.

அன்றிலிருந்து அவள் கண் ரோட்டில் பாதி, ரோட்டோரத்தில் பாதி. பிள்ளைகளிடமும் உண்மையைச் சொல்லிவிட்டாள். "நான்தான் தப்பா நினைச்சுக் கொண்டுபோய் விட்டுட்டேன். இப்ப தொலைஞ்சு போயிட்டான்" என்றாள். பிறகு ஆளுக்கொரு ஜன்னலாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார்கள். பழுப்பாக எதைப் பார்த்தாலும் "அக்கா, வாலு!" என்று கத்தினார்கள். ஒவ்வொரு தடவையும் அவள் கால் தானாகப் பிரேக்குக்குப் போகும். ஒன்றுக்கு முழு வால் இருக்கும். ஒன்று ஆட்டுக்குட்டியாக இருக்கும். ஒருமுறை அது காற்றில் உருண்ட சாக்குப்பையாக இருந்தது.

வீட்டில் பேச்சு சுருங்கிவிட்டது. "சாப்பாடு வச்சிருக்கேன்", "மாத்திரை போட்டாச்சா", அவ்வளவுதான். பெரியவருக்கும் சோறு வைத்தாள், தலையைத் தடவவில்லை. அதன்மேல் தப்பில்லை என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. கை போகவில்லை.

ஒரு சாயந்திரம் பிள்ளைகளை இறக்கிவிட்டு, மறுபடியும் தேடப் போவதற்காக வேனைத் திருப்பிக்கொண்டிருந்தாள். கணவன் சுவரைப் பிடித்துப் பிடித்து வாசலுக்கு வந்தான். சட்டை மாற்றியிருந்தான்.

"நானும் வரேன்."

"முதுகு தாங்காது."

"தாங்குற வரைக்கும் வரேன்."

அவள் முன்கதவைத் திறந்துவிட்டாள். ஏறுவதற்குள் அவனுக்கு வியர்த்துவிட்டது. ஒவ்வொரு பள்ளத்திலும் அவன் மூச்சைப் பிடித்துக்கொள்வது அவளுக்குக் கேட்டது. மெதுவாக ஓட்டினாள். மார்க்கெட், பஸ் டிப்போ, தண்டவாளத்தை ஒட்டிய குப்பைமேடு. அவன் எத்தனையோ காலமாக ஊரையே பார்த்திருக்கவில்லை. "இங்க ஒரு பெட்ரோல் பங்க் இருந்துச்சே" என்று ஓரிடத்தில் சொன்னான். "எடுத்துட்டாங்க" என்றாள் அவள். அன்றைக்குப் பேசிக்கொண்டது அவ்வளவே. மறுநாளும் வந்தான். அதற்கடுத்த நாள் எழுந்திருக்க முடியவில்லை. அதற்கடுத்த நாள் வந்தான்.

கடைசியில் அவன்தான் பார்த்தான். பெரிய ரோட்டில், லாரிகள் ஒதுங்கும் இடத்தில் ஒரு பஞ்சர் கடை. லாரி ஓட்டியவன் கண் தானாகவே அந்தப் பக்கம் போயிற்று. டயர் அடுக்கின் மேல் ஒரு நாய் உட்கார்ந்திருந்தது. அரைவால்.

"நிறுத்து, நிறுத்து!"

அவள் இறங்குவதற்குள் அது கண்டுகொண்டுவிட்டது. டயர்களிலிருந்து பாய்ந்து வந்து அவள்மேல் விழுந்தது. முகம், கழுத்து, புடவைத் தலைப்பு எல்லாம் எச்சில். அவள் ரோட்டோரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பஞ்சர்காரருக்குத் தெரியவில்லை. அவர் ஒரு டியூபைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றார். நாய் அவள் கணவனிடமும் ஓடியது. அவன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான், குனிய முடியாமல். அது அவன் முழங்காலில் தலையை இடித்து இடித்து உரசியது. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"உங்களுதா அக்கா?" என்றார் பஞ்சர்காரர். "இளைச்சு எலும்பா வந்துச்சு. டீ குடிக்கும்போது பன்னு போட்டேன், இங்கயே தங்கிடுச்சு. கூட்டிட்டுப் போங்க, போங்க." முகம் மட்டும் வாடிப்போனது.

அவள் வேனின் பக்கக் கதவை இழுத்துத் திறந்தாள். "வாலு, வா. ஏறு."

அது நின்றுவிட்டது.

திறந்த கதவைப் பார்த்தது. ஜன்னல் சீட்டைப் பார்த்தது. காதுகள் மண்டையோடு ஒட்டிக்கொண்டன. ஓரடி பின்னால் போனது. அவள் உள்ளே ஏறி உட்கார்ந்து கூப்பிட்டாள். பிஸ்கட்டைக் காட்டினாள். அது அடிவயிறு தரையில் படப் படுத்துக்கொண்டு முனகியது, கண்ணை அவள் முகத்திலிருந்து எடுக்காமல். அவள் ஒரு கையை நீட்டியதும் எழுந்து ஓடி டயர் அடுக்குக்குப் பின்னால் போய்விட்டது. மூக்கு மட்டும் தெரிந்தது.

"தூக்கிப் போட்டுக்கலாம் அக்கா, நான் பிடிக்கிறேன்" என்றார் பஞ்சர்காரர்.

"வேணாங்க" என்றாள் அவள். "ஒரு தடவை ஏமாத்தி ஏத்தினது போதும்."

இப்போது காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டதும் அவள் பஞ்சர் கடைக்குப் போகிறாள். வேனைத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து போகிறாள். வாலு பாய்ந்து வருகிறது, விளையாடுகிறது, அவள் திரும்பும்போது வேன் நிற்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றுகொள்கிறது. பெரியவர் கட்டிலுக்கு அடியில், நீளக் கயிற்றில். தபால்காரர் மனமில்லாமல் வலை அடித்து மிச்சமிருந்த கோழிகளை உள்ளே விட்டிருக்கிறார். அவை முட்டையிடுவதை நிறுத்திவிட்டன. அதைப் பற்றிப் புலம்ப அவர் தினமும் கட்டில் பக்கம் வந்து உட்காருகிறார். அவள் கணவனும் கேட்டுக்கொள்கிறான்.

நேற்று அவள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது அவன் கேட்டான்.

"வேன்லதானே ஏற மாட்டேங்குது. நடத்திக் கூட்டிட்டு வந்தா வருமில்ல?"

"எவ்வளவு தூரம்னு தெரியுமில்ல?"

"லாரி ஓட்டின ரோடு. எனக்குத் தெரியாதா?" என்றான். "நீ கடை வரைக்கும் கொண்டுபோய் என்னை விட்டுட்டு வந்துடு. நானும் அதுவும் உக்காந்து உக்காந்து மெதுவா வந்துடறோம். பொழுது சாஞ்சாலும் பரவாயில்ல."

அவள் முடியாது என்று சொல்லவில்லை. அவன் சட்டையை எடுத்து உதறி, மடிக்கத் தொடங்கினாள்.